மாத்திரை போட்டதிலிருந்துதான்

மாசி மாதத்து வெயில் ஏறுவதற்குள் துணிகளை அலசிப் போட்டுவிட்டு மிளகாய்க் காட்டுக்குப் போகவேண்டும் என்ற அவசரத்தில் இருந்தேன். யுவராணியின் சுடிதார் மேல்சட்டையைத் துவைகல்லில் விரித்துச் சோப்புப் போடும்போது, மார்புப் பக்கத்துத் துணி விரலுக்கு மொடமொடவென்று பட்டது. கஞ்சி தோய்ந்து காய்ந்தது போல இரண்டு வட்டங்கள். ஒவ்வொன்றும் உள்ளங்கை அகலம் இருக்கும். காட்டில் ஏதாவது செடியின் பால் பட்டிருக்கும் என்றுதான் முதலில் நினைத்தேன். மூக்கருகே கொண்டுபோய்ப் பார்த்தேன். இரண்டு பிள்ளைகளுக்குப் பால் கொடுத்தவள் நான். அந்தப் புளித்த வாசனையை எனக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை.

யுவராணி என் வீட்டுக்காரரின் தங்கை. அப்போது அவளுக்கு வயது இருபத்தாறு. கல்யாணம் ஆகவில்லை.

சட்டையை வாளித் தண்ணீருக்குள் அழுத்திவிட்டு எழுந்து உள்ளே போனேன். அவள் துணி வைக்கும் அலமாரியின் கீழ்த்தட்டில், பொங்கலுக்கு முன்னால் நான் வாங்கி வைத்த பேடு பாக்கெட் பிரிக்காமல் கிடந்தது. அதற்கு முந்தைய பாக்கெட்டில் எத்தனை மிச்சம் இருந்தது, அவள் கடைசியாக எப்போது தலைக்குக் குளித்துவிட்டுத் தனியாகப் படுத்தாள் என்று கணக்குப் போட்டேன். கார்த்திகைக்குப் பிறகு எதுவும் நினைவுக்கு வரவில்லை. அலமாரிக் கதவைத் தள்ளி மூடினேன்.

நான் சண்முகவள்ளி. சாயல்குடியிலிருந்து ஆறு கிலோமீட்டர் உள்ளே இருக்கும் இந்த ஊருக்கு மாரிச்செல்வத்தின் மனைவியாக வந்தபோது யுவராணிக்குப் பதினான்கு வயது. தாய் இல்லாத பிள்ளை. அவளுக்குச் சடை பின்னியதும், பள்ளிக்கூடத்துக்குச் சோறு கட்டிக் கொடுத்ததும் நான்தான். ராமநாதபுரத்தில் பி.காம் இரண்டாம் வருடம் படித்துக்கொண்டிருந்தவள், ஹாஸ்டலில் பக்கத்து அறைப் பெண்கள் சுவருக்கு அந்தப்பக்கம் தன்னைப் பற்றியே பேசுகிறார்கள் என்று சொல்லிக்கொண்டு ஒருநாள் பெட்டியோடு வந்து இறங்கினாள். வீட்டுக்கு வந்த பிறகும் அந்தப் பேச்சு நிற்கவில்லை. குழாய்த் தண்ணீரிலிருந்து ஒரு ஆம்பளைக் குரல் வருகிறது என்றாள். சாம்பாரில் நான் எதையோ கலக்கிறேன் என்று தட்டைத் தூக்கி எறிந்தாள். மூன்று வருடம் கோயில் கோயிலாகப் போனோம். அந்த மூன்று வருடமும் அவளைக் குளிப்பாட்டியது நான். அவள் நகம் கீறிய தழும்பு இன்னும் என் கழுத்தில் இருக்கிறது.

பிறகுதான் ஆஸ்பத்திரி. முதலில் கொடுத்த மாத்திரையில் குரல் குறைந்தது. ஆனால் கைகால் விறைத்துப்போய், மரப்பாச்சி மாதிரி நடந்தாள். வாயோரம் எச்சில் வடியும். தன் துப்பட்டா நுனியாலேயே துடைத்துக்கொள்வாள். புரட்டாசியில் மாத்திரையை மாற்றினார்கள். புது மாத்திரை அவளை எங்களுக்குத் திருப்பிக் கொடுத்தது. குரல் நின்றது. உடம்பு பூசினாற்போல ஆனது. தை பிறந்ததும், "நானும் காட்டுக்கு வாரேன் மதினி," என்று அவளாகவே கேட்டாள். எங்கள் பக்கத்துக் குண்டு மிளகாயில் காம்பு உடையாமல் பழம் எடுப்பதற்குக் கை வேண்டும். அந்தக் கை அவளுக்கு இருந்தது. நான் ஒரு பாத்தி எடுத்து முடிப்பதற்குள் அவள் ஒன்றரைப் பாத்தி எடுத்திருப்பாள்.

அன்றைக்குக் காட்டுக்குப் போகவில்லை. பிள்ளைகள் பள்ளிக்கூடம் கிளம்பியதும் அவளை உள்ளே கூப்பிட்டுக் கதவைச் சாத்தினேன்.

"எத்தன மாசம்?"

அவள் முழித்தாள். "என்னது மதினி?"

"சட்டையத் துவைச்சது நாந்தான். நடிக்காத."

அவள் முகம் மெல்ல மாறியது. பயந்தவள் முகம் அல்ல அது. நெடுநாள் தூக்கிச் சுமந்ததை இறக்கி வைக்க இடம் கிடைத்தவள் முகம். இப்போது நினைத்தால் அது எனக்கு நன்றாகத் தெரிகிறது. அன்றைக்குத் தெரியவில்லை.

"ஒங்ககிட்ட சொல்லணும்னுதான் இருந்தேன். வெக்கமா இருந்துச்சு. மூணு மாசமா தூரம் வரல மதினி. மார்ல பாலு மாதிரி கசியுது. புது மாத்திர போட்டதுலருந்துதான் இப்படி இருக்கு."

"மாத்திர போட்டா பால் வருமாடி?" என்று அறைந்தேன்.

அவளுடைய வாழ்க்கையில் நான் அவளை அடித்தது அந்த ஒருமுறைதான். நோய் முற்றி என் முடியைப் பிடித்து இழுத்த நாட்களில்கூட அடித்ததில்லை. கன்னத்தைப் பிடித்துக்கொண்டு அவள் திரும்பவும் அதையே சொன்னாள். "நெசமா மதினி. மாத்திர போட்டதுலருந்துதான்." குழாயில் குரல் வருகிறது என்றவள், சாம்பாரில் விஷம் என்றவள், இப்போது மாத்திரையில் பால் வருகிறது என்கிறாள். அப்படித்தான் எனக்கு அது கேட்டது. எங்கள் வீட்டில் அவள் பேச்சின் மதிப்பு எப்போதோ போய்விட்டிருந்தது. அவளுக்கு நோய் குணமான பிறகும் அந்த மதிப்பை யாரும் திருப்பிக் கொடுக்கவில்லை.

மத்தியானம் சாயல்குடிக்குப் பஸ் ஏறி, தெரிந்தவர் இல்லாத மெடிக்கலாகப் பார்த்து, கர்ப்பம் பார்க்கும் கிட் இரண்டு வாங்கி வந்தேன். மறுநாள் விடிந்ததும் அவளைப் பார்க்க வைத்தேன். ஒரு கோடுதான் வந்தது. இரண்டாவதிலும் ஒரு கோடுதான். "பாத்தீங்களா மதினி?" என்றாள். கண் சிவந்திருந்தாலும் குரலில் ஒரு சிறு சந்தோஷம் இருந்தது. நான்கு மாதத்துக்கு மேல் போனால் இந்த கிட் சரியாகக் காட்டாது என்று எங்கேயோ, யாரோ சொல்லக் கேட்டது போலிருந்தது. ஸ்கேனுக்குக் கூட்டிப்போனால் ஊருக்குத் தெரிந்துவிடும். கண்ணால் பார்த்த இரண்டு வட்டத்தை நம்பினேன். கோட்டை நம்பவில்லை. இரண்டு கிட்டையும் அடுப்பில் போட்டேன். பிளாஸ்டிக் கருகிய நாற்றம் மதியம்வரை வீட்டில் நின்றது.

அன்று சாயங்காலம் என் வீட்டுக்காரரிடம் சொன்னேன். பால் கசிவதைச் சொன்னேன். மூன்று மாதம் தள்ளிப் போயிருப்பதைச் சொன்னேன். கிட்டைப் பற்றி மட்டும் சொல்லவில்லை.

அவர் மண்வெட்டியைச் சுவரில் சாய்த்து வைத்தார். "யாரு?" என்றார்.

எனக்கு யாரையும் தெரியாது. ஆனால் அந்தக் கேள்விக்கு ஒரு பெயர் வேண்டியிருந்தது. மிளகாய் மூட்டைகளைக் கமிஷன் கடைக்கு ஏற்றிப்போகும் நாகேந்திரன், குட்டியானை வண்டியை வரப்போரம் நிறுத்திவிட்டு அவளோடு பேசிக்கொண்டிருப்பதை இரண்டு மூன்று தடவை பார்த்திருக்கிறேன். ஊரில் எல்லோரும் அவளிடம் சின்னப்பிள்ளையிடம் பேசுவது போலவோ, காது கேட்காதவளிடம் பேசுவது போலவோ பேசுவார்கள். நாகேந்திரன் மட்டும் சாதாரணமாகப் பேசுவான். அவள் பி.காம் என்பது நினைவிருந்து, வண்டிக் கடன் வட்டியைப் பற்றி எதையோ கேட்டான் ஒருநாள். அவள் குச்சியால் மண்ணில் எழுதிக் காட்டினாள். இரண்டு பேரும் சிரித்தார்கள். அவ்வளவுதான் நான் பார்த்தது.

"எனக்கென்னமோ அந்த நாகேந்திரன் மேலதான் சந்தேகமா இருக்கு," என்றேன்.

மறுநாள் காலை பத்து மணிக்கு, ஊர் முக்கு டீக்கடையில், இருபது பேர் பார்க்க, என் வீட்டுக்காரர் நாகேந்திரனின் தலையைப் பிடித்து அவன் வண்டிக் கதவிலேயே மோதினார். முன்பல் இரண்டு போயிற்று. "ஏலே, புத்தி சரியில்லாத புள்ளடா அது," என்று கத்தினாராம். எதற்கு அடித்தார் என்று ஊருக்குத் தெரிய அந்த ஒரு வாக்கியம் போதும். நாகேந்திரன் திருப்பி அடிக்கவில்லை என்று சொன்னார்கள். ரத்தத்தைத் துப்பிவிட்டு, "நான் என்ன செஞ்சேன்ணே?" என்று மட்டும் கேட்டானாம். அதையே குற்றத்தை ஒப்புக்கொண்டதாக எடுத்துக்கொண்டவர்களும் உண்டு. அவன் ஒரு வாரத்தில் வண்டியை விற்றுவிட்டுத் தூத்துக்குடிப் பக்கம் போய்விட்டான்.

யுவராணியை நாங்கள் காட்டுக்கு அனுப்பவில்லை. அவளும் கேட்கவில்லை. இரவுச் சாப்பாடு முடிந்ததும் நான் கையில் வைக்கும் மாத்திரையை வாயில் போட்டுத் தண்ணீர் குடித்துவிட்டுப் போய்ப் படுத்துக்கொள்வாள். அவள் வயிற்றை நான் நாள்தோறும் ஓரக்கண்ணால் அளந்துகொண்டிருந்தேன். சோறு போடும்போது, அவள் குனிந்து கோலம் போடும்போது, தண்ணீர்க் குடத்தை இடுப்பில் வைக்கும்போது. வயிறு பெரிதாகவில்லை. சிலருக்கு ஏழாம் மாதம்வரை தெரியாது என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன்.

பங்குனிக் கடைசியில் ஒருநாள் கொல்லையில் கருவாடு அலசிக்கொண்டிருந்தேன். யுவராணி ஓடிவந்தாள். நெடுநாளைக்குப் பிறகு அவள் முகத்தில் வெளிச்சம்.

"மதினி, வந்துருச்சு. தூரம் வந்துருச்சு. பாலும் நின்னு பத்து நாளாச்சு. பாருங்க."

நைட்டியைத் திருப்பிக் கறையைக் காட்டினாள். நான் அவளை உட்காரவைத்து, சுடுதண்ணீர் வைத்துக் கொடுத்து, பூண்டுக் குழம்பு வைத்தேன். என் மனதில் ஓடியது ஒரே வார்த்தைதான். கலைந்துவிட்டது. குலசாமி கண்ணைத் திறந்துவிட்டது என்று, மஞ்சள் துணியில் காணிக்கை முடிந்து வைத்தேன். அவள், "இப்ப நம்புறீங்கள்ல மதினி?" என்று கேட்டாள். "எல்லாம் நல்லபடியா முடிஞ்சிருச்சு. யார்ட்டயும் இனிமே இதப் பேசாத," என்றேன். அவள் என் முகத்தைப் பார்த்தாள். பிறகு எழுந்து உள்ளே போய்விட்டாள். பூண்டுக் குழம்பைத் தொடவில்லை.

அதற்குப் பிறகு ஒவ்வொரு நாளும் ஏதோ ஒன்று குறைந்துகொண்டே வந்தது. தூக்கம் குறைந்தது. பேச்சு குறைந்தது. குழாயைத் திறந்துவிட்டு அதன் முன்னால் நின்று உதட்டை அசைத்தாள். நான் சமைத்ததைச் சாப்பிட மறுத்தாள். மாத்திரையைத்தான் ஒழுங்காகக் கொடுக்கிறேனே, அப்புறம் ஏன் திரும்பி வருகிறது என்று எனக்குப் புரியவில்லை. சித்திரை இரண்டாம் செவ்வாய்க்கிழமை, பிள்ளைகளைப் பள்ளிக்கூட வேனில் ஏற்றிவிட்டு வந்து பார்த்தால் வீட்டில் இல்லை.

கிணறுகளைப் பார்த்தோம். கருவேலங்காட்டைப் பார்த்தோம். என் வீட்டுக்காரர் போலீஸ் ஸ்டேஷனுக்குப் போய்விட்டார். அவள் எதையாவது எழுதி வைத்திருக்கிறாளா என்று படுக்கையை உதறினேன். தலையணை உறைக்குள்ளிருந்து ஒரு பழைய கல்லூரி நோட்டும், காகிதப் பொட்டலம் ஒன்றும் விழுந்தன. பொட்டலத்தில் மாத்திரைகள். எச்சில் பட்டு ஓரம் கரைந்து காய்ந்தவை. அறுபதுக்குப் பக்கம் இருக்கும்.

நோட்டில் தேதி போட்டு, ஸ்கேல் வைத்துக் கட்டம் கட்டி எழுதியிருந்தாள். முதல் பக்கம் நான் அறைந்த நாளுக்கு மறுநாள்.

மாத்திரை: போடவில்லை. ஈரம்: இருக்கிறது.

மாத்திரை: போடவில்லை. ஈரம்: இருக்கிறது.

அப்படியே இரண்டு பக்கம். பிறகு ஈரம் கொஞ்சம் என்று வந்தது. பிறகு அழுத்தினால் மட்டும். பிறகு ஈரம் இல்லை. அதன் கீழே அடிக்கோடிட்டு, "தூரமும் வரட்டும். வந்ததும் மதினியிடம் காட்ட வேண்டும். அண்ணனிடம் மதினியே சொல்வார்கள். நாகேந்திரன் அண்ணனிடம் மன்னிப்புக் கேட்க வேண்டும்," என்று எழுதியிருந்தது. அவள் எழுத்து எப்போதும் அச்சடித்தது போல இருக்கும். அந்தப் பக்கம்வரை அப்படித்தான் இருந்தது. அதற்கு அடுத்த பக்கங்களில் கட்டங்கள் கோணின. எழுத்துகள் கட்டத்தைவிட்டு வெளியே வந்தன. யாரோ அவளை என்னவெல்லாம் சொல்லித் திட்டுகிறார்களோ அதெல்லாம் அங்கே இருந்தது. அதில் பாதி, அந்த டீக்கடைச் சண்டைக்குப் பிறகு ஊரார் பேசிய வார்த்தைகள்.

நோட்டை மடியில் வைத்துக்கொண்டு அந்த அறையிலேயே உட்கார்ந்திருந்தேன். என்ன நடந்திருக்கிறது என்று அப்போதும் முழுசாகப் புரியவில்லை. என்னிடம் நிரூபிப்பதற்காக அவள் மாத்திரையை நிறுத்தியிருக்கிறாள் என்பது மட்டும் புரிந்தது.

ஆறாம் நாள் மண்டபத்திலிருந்து போன் வந்தது. வாட்ஸ்அப்பில் சுற்றிய போட்டோவைப் பார்த்துவிட்டுப் பேசியவர் பெயர் ஃபஸீலா. மீன் காயவைக்கும் தளத்தில் வேலை பார்க்கிறவர். நாங்கள் போனபோது, கரையில் ஏற்றி வைத்திருந்த படகு ஒன்றின் நிழலில் யுவராணி உட்கார்ந்திருந்தாள். காலில் செருப்பு இல்லை. என் வீட்டுக்காரரைப் பார்த்ததும் படகுக்குப் பின்னால் போய் ஒளிந்துகொண்டாள். என்னைப் பார்த்ததும் காதைப் பொத்திக்கொண்டாள்.

ஃபஸீலாவுக்கு என் வயது இருக்கும். முந்தானையால் தலையை மூடியபடி, தணிந்த குரலில் சொன்னார்.

"நாலு நாளா இங்கனதான் இருக்கு. சோறு கொண்டாந்தா தொடல. எதையோ கலந்துருக்கோம்னு பயம் போல. சரின்னு கவர் பிரிக்காத பிஸ்கட்டு, தோல் உரிக்காத பழம், ஓட்டோட அவிச்ச முட்டை, அப்படிக் குடுத்தேன். அது கையாலயே உரிச்சுச் சாப்புட்டுச்சு. நம்மள நம்பலன்னா என்ன, பசியாறுனாப் போதும்ல. அல்லாஹ் பொதுவு."

நான் அந்தம்மாவின் கையைப் பிடித்துக்கொண்டேன். நன்றி சொல்வதற்குத்தான் பிடித்தேன். பன்னிரண்டு வருடம் ஒரே வீட்டில் இருந்த எனக்குத் தோன்றாதது, பெயர்கூடத் தெரியாத இவருக்கு நாலு நாளில் தோன்றியிருக்கிறது. பிறகு அவர்தான் யுவராணியின் பக்கத்தில் உட்கார்ந்து, மெதுவாகப் பேசி, காரில் ஏற வைத்தார். ஆஸ்பத்திரிவரை கூடவே வந்தார்.

வார்டில் சேர்த்த மூன்றாம் நாள், மாதாந்திர மாத்திரை கொடுக்கும் நர்ஸ் சல்மா என்னைத் தனியாகக் கூப்பிட்டார். நான் கொண்டுபோயிருந்த நோட்டு அவர் மேஜையில் இருந்தது. கட்டம் கட்டமாக விரல் வைத்துப் படித்தார்.

"இத எழுதுனது யுவராணியா? ஒரு டாக்டரே இப்படித்தாங்க்கா எழுதி வெப்பாரு," என்றார். பிறகு, "இந்த மாத்திரை சில பொம்பளைங்களுக்கு இப்படிச் செய்யும். உடம்புல ஒரு சுரப்பு கூடிரும். புள்ள பெத்தவங்களுக்கு ஊறுற மாதிரியே பால் ஊறும், தூரம் நிக்கும். ரத்தம் எடுத்துப் பாத்தா தெரிஞ்சிரும். அளவக் கொறச்சோ மாத்திரையை மாத்தியோ சரி பண்ணிறலாம். பெரிய விஷயமே இல்ல," என்றார்.

பெரிய விஷயமே இல்லை.

"இத யாரும் எங்ககிட்ட சொல்லலியேம்மா," என்றேன். சொல்லும்போதே அது முழு உண்மை இல்லை என்று எனக்குத் தெரியும்.

சல்மா கோபப்படவில்லை. சலிப்போடு என்னைப் பார்த்தார். "மாசாமாசம் ஒங்ககிட்ட கேட்டேனேக்கா. தூங்குதா, சாப்புடுதா, கை நடுங்குதா, தூரம் ஒழுங்கா வருதா, வேற எதுவும் தொந்தரவு இருக்கான்னு. அடுத்த தடவ அதையும் கூட்டிட்டு வாங்கன்னேன். கார்டுல பாருங்க, எல்லாம் ஒழுங்கா இருக்குன்னு நீங்கதான் சொல்லிருக்கீங்க."

தையிலும் மாசியிலும் நான் தனியாகத்தான் போயிருந்தேன். மிளகாய் எடுப்பு நேரம், இரண்டு ஆள் போனால் இரண்டு ஆள் வேலை கெடும். பன்னிரண்டு மணிப் பஸ்ஸை விட்டால் மூன்று மணிக்குத்தான் அடுத்தது. சல்மா கேட்கக் கேட்க, வாசலில் பஸ் ஹாரன் கேட்கிறதா என்று காதை வைத்துக்கொண்டு, "வருதும்மா, வருதும்மா," என்று சொல்லியிருக்கிறேன். யுவராணியிடம் ஒருமுறை கேட்டுவிட்டு வந்து சொல்லவேண்டும் என்று எனக்குத் தோன்றியதே இல்லை.

வீட்டுக்கு வந்து என் வீட்டுக்காரரிடம் எல்லாவற்றையும் சொன்னேன். கிட் வாங்கியதை, இரண்டிலும் ஒரு கோடு வந்ததை, அடுப்பில் போட்டதை. களத்தில் மிளகாயைக் கிளறிவிட்டுக்கொண்டிருந்தவர் நிமிர்ந்தார்.

"அத எங்கிட்ட ஏன் சொல்லல?"

"சொல்லிருந்தா நீங்க போயிருக்க மாட்டீங்க."

அதுதான் உண்மை. யாராவது ஒருவன் அடிவாங்க வேண்டும் என்று அன்றைக்கு எனக்கு இருந்திருக்கிறது. அவர் நாலு நாள் என் கையால் சாப்பிடவில்லை. அவரே சோற்றைப் போட்டுக்கொண்டார்.

நாகேந்திரனின் தாய் உமாமகேஸ்வரியின் வீட்டுக்கு நான்தான் முதலில் போனேன். வாசலைக் கூட்டிக்கொண்டிருந்தவர் விளக்குமாற்றைக் கீழே வைக்கவில்லை. நான் சொன்னது முழுவதையும் நின்றபடியே கேட்டார்.

"எம்மகன அடிச்சது ஊரு முக்குல. நீ மன்னிப்புக் கேக்க வந்தது என் வீட்டு வாசல்ல. எது பெரிய இடம்னு நீயே சொல்லு," என்றார். நான் நின்ற இடத்தை விட்டுவிட்டு மற்ற இடத்தையெல்லாம் கூட்டினார்.

அதை என் வீட்டுக்காரரிடம் வந்து சொன்னேன். மறுநாள் டீக்கடைக்குப் போனார். இரண்டு டீ குடித்துவிட்டுத் திரும்பி வந்துவிட்டார். அதற்கடுத்த நாளும் அப்படியே. மூன்றாம் நாள் சொல்லிவிட்டார். நாகேந்திரன் மேல் தப்பில்லை, என் தங்கை மேலும் தப்பில்லை, அவள் சாப்பிட்ட மாத்திரை செய்த வேலை அது, நான்தான் தப்புச் செய்தேன் என்று. கடையில் யாரோ, "மாத்திரைக்குப் பால் வருமாக்கும்?" என்று கேட்டார்களாம். எல்லோரும் சிரித்தார்களாம். நாங்கள் கருவைக் கலைத்துவிட்டுக் கதை கட்டுகிறோம் என்பதுதான் இப்போதும் ஊரில் பேச்சு. உமாமகேஸ்வரியின் வாயிலிருந்து மட்டும் அது வந்ததில்லை என்று கேள்விப்பட்டேன். நாகேந்திரனின் போன் நம்பரை அவர் எங்களுக்குத் தரவும் இல்லை.

யுவராணி வைகாசிக் கடைசியில் வீடு திரும்பினாள். வேறு மாத்திரை கொடுத்திருந்தார்கள். இதில் பால் வராது, தூரம் நிற்காது. ஆனால் கால் ஓரிடத்தில் நிற்கமாட்டேன் என்கிறது. எலும்புக்குள் எறும்பு ஊர்கிற மாதிரி இருக்கிறது என்கிறாள். உட்கார்ந்தால் எழுந்துவிடுவாள். எழுந்தால் வீட்டுக்கும் கொல்லைக்குமாக நடப்பாள். ஒரு கவளம் சோற்றுக்கும் அடுத்த கவளத்துக்கும் நடுவில் ஒரு நடை. ஒன்றை வாங்கிக்கொண்டுதான் இன்னொன்றைக் கொடுக்கிறது இந்த வியாதிக்கான மருந்து. எதைக் கொடுப்பது, எதை வைத்துக்கொள்வது என்று முடிவுசெய்ய வேண்டியவள் அவள் என்பது எனக்கு இவ்வளவு நாள் கழித்துத்தான் உறைத்தது.

ஒருநாள் அவள் நடந்துகொண்டிருக்கும்போது நானும் கூடவே நடந்தேன். வாசலுக்கும் கொல்லைக்குமாக நாலைந்து தடவை. எப்படி ஆரம்பிப்பது என்று தெரியாமல், "யுவா, என்னைய மன்னிச்சுருத்தா," என்றேன்.

அவள் நடையை நிறுத்தவில்லை. நிறுத்த அவளால் முடியாது.

"நீங்க நம்பாதது கூடப் பரவால்ல மதினி. அப்புறம் எனக்கே சந்தேகம் வந்துருச்சு. நெசமாவே எதுவும் நடக்கலயா, இல்ல நடந்தது எனக்குத்தான் மறந்துபோச்சான்னு. நாகேந்திரன் அண்ணன் மூஞ்சிய நெனச்சு நெனச்சுப் பாத்தேன். ஒண்ணும் ஞாபகம் வரல. எனக்கு ஞாபகம் வராததுக்கு அர்த்தம் நடக்கலங்கிறதா, நான் பைத்தியங்கிறதான்னு தெரியல. அதுக்குத்தான் நோட்டுல எழுதுனேன்."

நான் கொல்லை வாசலிலேயே நின்றுவிட்டேன். அவள் மட்டும் திரும்பி வாசலை நோக்கி நடந்து போனாள்.

இந்த மாதம் இரண்டு பேரும் ஆஸ்பத்திரிக்குப் போனோம். காலை பஸ்ஸில் அவள் பாதி வழி நின்றுகொண்டே வந்தாள். இந்தக் கால் தொந்தரவைப் பற்றி என்னவெல்லாம் சொல்ல வேண்டும் என்று மனதுக்குள் வரிசைப்படுத்திக்கொண்டே வந்தேன். இந்த முறை எதையும் விட்டுவிடக்கூடாது. எத்தனை மணி நேரம் தூங்குகிறாள், எப்போது அதிகமாகிறது, சாயங்காலம்தான் மோசம் என்பதையெல்லாம். அவள் பெயரைக் கூப்பிட்டதும் கார்டை எடுத்துக்கொண்டு நான் எழுந்தேன்.

யுவராணி என் கையிலிருந்து கார்டை வாங்கிக்கொண்டாள். பிடுங்கவில்லை. மெதுவாகத்தான் வாங்கினாள்.

"நீங்க இங்கனயே இருங்க மதினி. நான் போய் சொல்லிக்கிறேன்."

உள்ளே போய்விட்டாள். கதவுக்குப் பதிலாகத் தொங்கிய பச்சைத் திரை தரைவரை எட்டவில்லை. ஒரு முழம் இடைவெளி. பெஞ்சில் உட்கார்ந்திருந்த எனக்கு அவள் கால்கள் மட்டும் தெரிந்தன. சுடுமணலில் நிற்பவள் போல ஒரு காலை எடுத்து வைத்தாள், பிறகு அடுத்த காலை. எதிரே நாற்காலியை இழுத்துப்போடும் சத்தம் கேட்டது. சல்மாவின் வெள்ளைச் செருப்புகள் அவளுக்கு நேரே வந்து நின்றன. யுவராணி பேசத் தொடங்கினாள். மின்விசிறிச் சத்தத்தில் ஒரு சொல்லும் என் காதில் விழவில்லை. அவள் பேசப் பேச, அந்த வெள்ளைச் செருப்புகள் அசையாமல் அதே இடத்தில் இருந்தன.